விழாத பூச்சி

அன்று காலை பதினொரு மணிக்குள் எசனைப்பட்டி மெய்யகத்தில் ஏழு பூச்சிகள் விழுந்துவிட்டன. ஏழு பேர் பொய்யர்கள் என்று முடிவாயிற்று. இரண்டு பேர் அழுதுகொண்டு போனார்கள், ஒருவன் கதவை உதைத்துவிட்டுப் போனான், மிச்சப் பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். மகிழினிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முகூர்த்த மாதம் என்றால் ஒரே நாளில் இருபதுகூட விழும்.

பெயர்தான் மகிழினி. அவள் மகிழ்ந்து பார்த்தவர்கள் எசனைப்பட்டியில் யாருமில்லை. நாற்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். பதினெட்டு வருடமாக மெய்யகத்தின் தலைமைச் சோதகர். முருங்கைக்காய் பிஞ்சு என்று காய்காரி சொன்னால் முறுக்கிப் பார்ப்பாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால், ஒன்றுமில்லாததை ஏன் இந்த ஆள் இரண்டு தடவை சொல்கிறார் என்று யோசிப்பாள். "மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்?" என்று வருகிறவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்டுவிடுவாள். அந்த நாற்காலிக்கு அவளைவிடப் பொருத்தமான ஆளை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இத்தனைக்கும் காரணம் ஒரு பூச்சி. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மழை எப்படியிருக்கும் என்பதையே மறந்துபோன செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் இருக்கிற ஓர் ஆந்தை அந்து. ஆந்தை அந்துகள் பெரிய குடும்பம். ஒரு காலத்தில் பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தையெல்லாம் குருத்தோடு தின்று தீர்த்ததே படைப்புழு, அதுவும் அந்தக் குடும்பம்தான். ஆனால் இது யாருக்கும் தெரியாத ஏழைப் பங்காளி. கட்டைவிரல் நகம் அளவு, சாம்பல் நிறம், இறக்கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு புள்ளிகூடக் கிடையாது. உலகத்திலேயே நாலைந்து பூச்சியியலாளர்களுக்குத்தான் அதன் பெயர் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டதிடம் ஒரு வினோதப் பழக்கம் இருப்பதை யாரோ கவனித்தார்கள். பொய் சொல்கிற உடம்பிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறதாம். நம் மூக்குக்கு எட்டாத வாசனை. அந்துவின் உணர்கொம்புக்கு எட்டும். எட்டிய நொடியில் அது இறக்கையை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி பொத்தென்று கீழே விழுந்துவிடும்.

அவ்வளவுதான், உலகம் தலைகீழானது. அந்துவைப் பெட்டியில் அடைத்தார்கள். அரசாணையில் அதற்கு 'மெய்ப்பேழை' என்று பெயர். ஊருக்கு அது பூச்சிப்பெட்டி. மேலே சல்லடை மூடி, உள்ளே கும்மிருட்டு, இருட்டில் ஒரு பட்டுவலை, வலையைப் பிடித்துத் தொங்குகிற அந்து, அதற்குக் கீழே மெல்லிய தகடு. விழுந்தால் 'டொப்'பென்று சத்தம் கேட்கும். பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கண்ணாடிச் சில்லு உண்டு. சிவப்பு வெளிச்சம் அந்துவின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் வழியாக எட்டிப் பார்க்கலாம். இன்றைக்குப் பூச்சி பார்க்காமல் நிச்சயதார்த்தம் கிடையாது, வேலை கிடையாது, பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது. டீக்கடையில்கூட 'எங்கள் பால் பூச்சி பார்க்கப்பட்டது' என்று பலகை தொங்கும். அந்த 'டொப்' சத்தத்தைக் கேட்டால் நாட்டில் கைக்குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும்.

பெட்டி இங்கே வந்த புதிதில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. பதில் சொல்பவரை ஓர் அறையில் பெட்டியோடு தனியாக உட்கார வைத்து, கேட்பவர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்றுதான் செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? "எவனோ ரேடியோவுல கேக்குற மாதிரி கேட்டா நான் எதுக்கு பதில் சொல்லணும்? மூஞ்சியப் பாத்துக் கேக்கச் சொல்லு!" என்று சண்டைக்கு நின்றார்கள். பிறகு நம் வழக்கம் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கையில் அடித்துச் சொன்னால்தானே சத்தியம்? கேட்பவர் பெட்டி மூடிமேல் உள்ளங்கையை விரித்து வைப்பார். சொல்பவர் அதில் ஓங்கி அடித்துச் சொல்வார். எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. எசனைப்பட்டி மெய்யகத்தின் கண்ணாடி அறையில் இருபது வருடமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எட்டாவது ஆளாக வந்தவன் சர்வேஷ். மனைவி நிவேதனா அழைத்து வந்திருந்தாள், கூட அவனுடைய அம்மாவும். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை அவன் திருச்சிக்குப் போகிறான். வேலை என்கிறான். அதை நிவேதனா நம்பவில்லை.

நிவேதனா கையை விரித்துப் பெட்டிமேல் வைத்தாள். "திருச்சிக்கு வேலைக்குத்தான் போறியா?"

"வேலைக்குத்தான்" என்று அவன் அடித்தான்.

டொப்.

நிவேதனா முகத்தை மூடிக்கொண்டாள். "பூச்சி தப்பா சொல்லுது மேடம்!" என்று சர்வேஷ் கத்தினான். மகிழினி நிமிர்ந்தே பார்க்கவில்லை. விழுந்தவர்கள் எல்லோரும் சொல்வதுதானே. அவள் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள். அதற்குள், விழுந்த மூன்று நிமிடத்தில் எழுந்துவிடும் வழக்கப்படி, அந்து மெதுவாக ஊர்ந்து மறுபடி வலையில் ஏறிவிட்டது.

"இவ கேட்டா விழுந்துச்சு. நான் கேக்குறேன்" என்றார் அவனுடைய அம்மா.

"ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான்மா. சட்டம் அப்படி."

"ஒஞ் சட்டத்தத் தூக்கிக் குப்பையில போடு. பெத்தவகிட்ட எம் புள்ள பொய் சொல்ல மாட்டான்." மகிழினி எழுந்து தடுப்பதற்குள் அந்த அம்மா கையைப் பெட்டிமேல் வைத்துவிட்டார். "சொல்லுடா தங்கம். வேலைக்குத்தானே போற?"

"ஆமாம்மா, வேலைக்குத்தான்." அடித்தான்.

நாலு பேரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. மகிழினி குனிந்து சிவப்புச் சில்லு வழியாகப் பார்த்தாள். அந்து ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினெட்டு வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. நடக்க விட்டதில்லை என்பதுதான் சரி. அவளுக்கு உடனே ஆயிரம் சந்தேகம் வந்தது. கிழவி கையில் எதையாவது தடவிக்கொண்டு வந்திருக்கிறாளா? பிடித்து முகர்ந்து பார்த்தாள். வெங்காய வாசனைதான் வந்தது. பயல் ஏதாவது மாத்திரை போட்டிருக்கிறானா? இல்லை, வீட்டுக்குள்ளேயே திருடனா? பெட்டிக்குப் பூச்சி மாற்றுவது பாசித் பாய்தானே? மூன்று பேரையும் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள்.

அங்கேதான் அந்துகளை வளர்க்கும் அறை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், கருப்பட்டித் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துண்டுகளை வலைக்கூண்டுகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார் பாசித் பாய். ஐம்பத்தைந்து வயது, பூச்சியியல் படித்தவர், பூச்சிகளோடு பேசுகிறவர்.

"பாய், இந்தப் பெட்டியில என்ன பண்ணீங்க?"

"சோறு போட்டேன்."

"வெளையாடாதீங்க. ஒரே ஆளு, ஒரே பதிலு. ஒருத்தி கேட்டா விழுது, இன்னொருத்தி கேட்டா விழல. பூச்சி கெட்டுப்போச்சா, இல்ல யாராவது கெடுத்தீங்களா?"

பாய் பஞ்சைக் கீழே வைத்தார். இவளோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவருக்குக் கோபம் வருவது நின்று வெகுநாளாகிவிட்டது. "உக்காருங்க. பாத்துருவோம். நீங்க கேளுங்க, நான் பொய் சொல்றேன்."

அவள் கையை விரித்து வைத்தாள். "உங்க பேரு என்ன?"

"மாரியப்பன்." அடித்தார். விழவில்லை.

"வயசு?"

"இருவத்திரெண்டு." விழவில்லை.

"பாத்தீங்களா, எம் மேல பூச்சிக்கு எவ்ளோ மரியாதன்னு!" என்று சிரித்தார் பாய். "இல்லம்மா, நீங்க சொல்லச் சொல்லித்தானே பொய் சொல்றேன். அதனால இருக்கும். நெசமாவே ஒண்ணு கேளுங்க."

மகிழினி யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இருந்தது. "டிபன் டப்பாவுல ரெண்டு அதிரசம் வச்சிருந்தேன். காணோம். நீங்கதானே எடுத்தீங்க?"

"அடப் பாவமே, சுகரை வச்சுக்கிட்டு நான் அதிரசம் திம்பனா? தொடலம்மா."

அடித்தார். டொப்.

பாயின் முகம் சுருங்கிப் போயிற்று. மகிழினி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் தின்றேன் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். "அல்லா அறிய நான் தொடலம்மா" என்றார் மறுபடியும், குரல் உடைந்து. இதை எழுதி வைக்க வேண்டும் என்று குறிப்பேட்டுக்காகப் பையைத் துழாவினாள் மகிழினி. வெளி உறையில் எண்ணெய் கசிந்த காகிதப் பொட்டலம் ஒன்று கைக்கு வந்தது. காலையில் டப்பாவில் இடம் போதாமல் அவளே தனியாகக் கட்டிவைத்த அதிரசம்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பாயும் பார்த்தார். அதற்குள் அந்து மறுபடி வலையில் ஏறிவிட்டது. பிறகு பாய் மெதுவாக எழுந்து, பூச்சிக்குப் பஞ்சு வைக்கும்போது மாட்டிக்கொள்கிற ரப்பர் கையுறையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதப் போட்டுக்கிட்டுக் கேளுங்க. எம் மேல உங்களுக்கு வேற சந்தேகம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. இல்லாமல் எப்படி? "பூச்சிங்கள வெளிய யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

"இல்ல." விழவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அதே கேள்வியை அப்படியே கேட்டாள். அதே பதில். டொப்.

பாய் அலமாரியின் அடியிலிருந்து தூசி படிந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். 'கேட்பவரின் உடல் எந்தக் காரணம் கொண்டும் பெட்டிக்கு அருகில் இருக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே யாரோ பென்சிலால் 'நம் ஊருக்குத் தேவையில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

"அந்தப் பூச்சிக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாதும்மா" என்றார் பாய். "ஒரு உடம்பு இன்னொரு உடம்ப நம்பாம உஷாரா நின்னா ஒரு வாசன வரும். அவங்க ஊரு பள்ளத்தாக்குல நரி பதுங்கும்போதும் அதான் வரும், முயல் மெரளும்போதும் அதான் வரும். வந்தா பூச்சி விழுந்து செத்த மாதிரி கெடக்கும். கண்ணாடி ரூமுல பதில் சொல்றவன் மட்டும் இருந்தான். பொய் சொல்றவன் மாட்டிக்குவமோன்னு உஷாரா இருப்பான், விழுந்துச்சு. இங்க சொல்றவன் கை ஒரு நொடி பட்டுட்டுப் போயிடுது. கேக்குறவன் கைதான் மூடி மேலயே கெடக்குது."

"அப்ப இத்தன வருஷமா..."

"இத்தன வருஷமா நாம சோதிச்சது கேட்டவங்கள."

மகிழினி விரித்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது. அந்தக் கணத்தில் அவள் மனதுக்குள் வந்தது நிவேதனாவும் இல்லை, பதினெட்டு வருடத்தில் தலைகுனிந்து படியிறங்கிய ஆயிரக்கணக்கான பேரும் இல்லை. ஒரே ஒருத்தன்தான் வந்தான். அவளுடைய தம்பி முகிலன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். பகலில் முகிலன் பார்த்துக்கொள்வான், வேலை முடிந்து வந்து இவள் பார்ப்பாள். ஒரு புதன்கிழமை மதியம் அப்பா போய்விட்டார். இவள் மெய்யகத்தில் யாரோ ஒருத்தனின் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா போகும்போது பக்கத்தில் இருந்ததாக முகிலன் சொன்னான். அந்த நேரத்தில் அவனை டீக்கடையில் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். கருமாதி முடிந்த மறுநாளே தம்பியை இங்கே இழுத்து வந்தாள் மகிழினி. அவளே கையை விரித்தாள். "அப்பா சாகுறப்போ நீ பக்கத்துல இருந்தியா?" "இருந்தேன்க்கா" என்று அவன் அடித்தான். டொப். அன்றோடு பேச்சு நின்றது. அவன் ஊரைவிட்டே போய் துறையூரில் டயர்க் கடை வைத்தான். அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது, இவள் போகவில்லை.

"தலைமையகத்துக்கு இப்பவே எழுதணும்" என்றார் பாய். பிறகு தாடியைத் தடவினார். "எழுதுனா என்ன ஆவும்னும் யோசிச்சுக்கங்க. இவ்ளோ நாளும் பதில் சொல்றவன் பயந்தான். இனிமே கேக்குறவன் பயப்படுவான். புருசன் கைய இழுத்துப் பெட்டி மேல வச்சு, 'நான் சொல்றத நம்புறியா'ன்னு பொண்டாட்டி கேப்பா. எத்தன வீடு தாங்கும்?"

மகிழினி அன்றைக்கே கடிதம் எழுதிவிட்டாள். ஆனால் தபாலில் சேர்க்கவில்லை. முதலில் தம்பியைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். சனிக்கிழமை காலை துறையூர் பஸ் ஏறும்போது மஞ்சள் துணிப்பையில் பழமும் அதிரசமும் இருந்தன. அவற்றுக்குக் கீழே பூச்சிப்பெட்டியும் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்குப் பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவளும் பஸ்ஸில் அதையேதான் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு விழுந்தது தன் சந்தேகத்தால்தான், சரி. அதற்காக அவன் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமா? அவன் பொய்யும் சொல்லியிருக்கலாம், தானும் சந்தேகப்பட்டிருக்கலாம். முறைப்படி, தள்ளி நின்று, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் நிம்மதி. அதற்காகத்தான் பெட்டி. கேள்வியைத் தன் குரலிலேயே கைபேசியில் பதிவுகூடச் செய்து வைத்திருந்தாள்.

முகிலன் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைக் கண்டதும் கடப்பாரை கையிலிருந்து நழுவியது. "அக்கா!" என்றான். பிறகு, "செண்பகம், யாரு வந்திருக்கா பாரு! மோர் கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். பெஞ்சைத் துண்டால் தட்டித் துடைத்து அவளை உட்கார வைத்தான். வெயில் படாமல் நிழலுக்கு நகரச் சொன்னான். அவன் மனைவி செண்பகம் மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "சமைக்கிறேன், சாப்ட்டுத்தான் போவணும் அண்ணி" என்று உள்ளே போனாள். ஒருத்தரும் ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. அதுவே மகிழினிக்கு உறுத்தியது. இவ்வளவு நல்லவர்களாகவா இருப்பார்கள்?

அவள் பழத்தையும் அதிரசத்தையும் எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்பைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வேறொன்றைச் சொன்னது.

"அப்பா கடைசியா என்னடா சொன்னாரு?"

முகிலன் கையிலிருந்த கிரீஸைத் துண்டில் துடைத்தான். ஒன்பது வருடமாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி நிதானமாகச் சொன்னான்.

"தண்ணி கேட்டாரு. ஸ்பூன்ல குடுத்தேன். 'மகி வந்துட்டாளா'ன்னு கேட்டாரு. வந்துட்டா, கை கால் கழுவிட்டு இருக்கான்னு சொன்னேன். அன்னிக்கு நான் சொன்ன ஒரே பொய் அதாங்க்கா. சரின்னு தலையாட்டுனாரு. அப்படியே போயிட்டாரு. அப்புறம்தான் டீக்கடைக்கு ஓடுனேன். வீட்டுல யாருமில்ல, அழக்கூட ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு."

மகிழினியின் கண் நிறைந்துவிட்டது. அப்பா கேட்டாரா? தன்னைக் கேட்டாரா? அதே நேரத்தில், அந்தக் கண்ணீருக்கு அடியிலேயே, பழைய மகிழினி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது வருடம் இருந்தால் யார்தான் கதையை இவ்வளவு அழகாகக் கோக்க மாட்டார்கள்? எல்லாம் அச்சு மாதிரி பொருந்துகிறதே? அவள் கை, பையின்மேல் தானாக விரிந்து கிடந்தது.

"அப்ப நீ பக்கத்துலதான் இருந்த."

"இருந்தேன்க்கா."

டொப்.

துணிப்பைக்குள்ளிருந்து வந்தாலும் அந்தச் சத்தம் வேறு எந்தச் சத்தம் மாதிரியும் இருக்காது. முகிலன் பையைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

"இப்பவுமாக்கா?" என்றான்.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? பெட்டியை வெளியே எடுத்து பெஞ்சின்மேல் வைத்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். திருச்சி சர்வேஷ், வெங்காயம் மணத்த கை, அதிரசம், கையுறை, கையேட்டில் இருந்த வரி, எதையும் விடவில்லை. "அன்னிக்கு விழுந்தது உன்னாலயில்லடா. என்னால. என் கையாலதான். இப்பயும் என்னாலதான். நான் பாவி. என்ன மன்னிச்சிடுடா." சொல்லும்போது அவள் அழுததில் பொய்யில்லை.

முகிலன் மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். கோபத்தில் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். பெட்டியைத் தூக்கி ரோட்டில் எறிவான் என்றுகூட நினைத்தாள். அவன் சிவப்புச் சில்லு வழியாக உள்ளே பார்த்தான். அந்து ஊர்ந்து ஊர்ந்து வலையில் ஏறிக்கொண்டிருந்தது. அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தான்.

பிறகு, ரேகையெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்த தன் உள்ளங்கையைப் பெட்டி மூடிமேல் விரித்து வைத்தான்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே எம் மேல சந்தேகப்பட மாட்டேன்னு அடிச்சுச் சொல்லு. அது போதும் எனக்கு."

மகிழினி அந்தக் கையைப் பார்த்தாள். பிறந்த நாள் முதல் தெரிந்த கை. தெரியலடா, முயற்சி பண்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் இந்தக் கை மறுபடி கிடைக்குமா? அதைவிட, அவள் மனதின் மூலையில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. இவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிறான்? குற்றமுள்ள நெஞ்சா?

"மாட்டேன்டா" என்று அடித்தாள்.

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு லாரி கடையைக் கடந்து போயிற்று. உள்ளே செண்பகம் தாளிக்கும் சத்தம் கேட்டது. பெட்டியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அந்து வலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

முகிலனின் முகம் மலர்ந்தது. ஒன்பது வருடத்துப் பாரம் இறங்கிய மாதிரி பெருமூச்சு விட்டான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவள் சொன்னதெல்லாம், யார் கையை அந்தப் பூச்சி முகர்கிறது என்பதெல்லாம், அவனுக்கு மறந்தே போயிருந்தது. இருபது வருடப் பழக்கம் அல்லவா?

"பாத்தியாக்கா, விழல!" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ மனசாரத்தான் சொல்ற."

மகிழினி ஆமாம் என்று தலையாட்டினாள்.